ஆறாவது எம்.எல்.ஏ.

காலை 7.10. செங்கம் ரோட்டு லாட்ஜில், தட்டித் தட்டிக் கை ஓய்ந்த பிறகு மானேஜர் மாற்றுச் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே எம்.எல்.ஏ. வேடியப்பன் இல்லை. செல்போன் சார்ஜில் கிடந்தது. கட்டிலடியில் அவருடைய செருப்பு ஜோடியாக இருந்தது.

சற்று நேரத்தில் இன்ஸ்பெக்டர் இனியா வந்துவிட்டாள்.

ஒன்பது எம்.எல்.ஏ.க்கள் கொண்ட கட்சியிலிருந்து ஆறு பேர் பிரிந்து, தனிக் குழு அமைத்து, இந்த லாட்ஜில் ஒளிந்திருந்தார்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம். மாலை நாலு மணிக்கு ஆறு பேரும் சென்னையில் சபாநாயகர் முன்னால் நிற்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு கணக்கு உதைத்து, கட்சித் தாவல் சட்டத்தில் மற்றவர்களின் பதவிக்கு ஆபத்து.

"கடத்திட்டாங்க. கட்சித் தலைமை வேலைதான்," என்றார் குழுவின் தலைவர் இளஞ்செழியன். "செருப்புகூட போடாம எந்த மனுசன் வெளிய போவான்? கேஸ் எழுதுங்க."

இனியா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காணாமல் போனவர் எம்.எல்.ஏ. அல்ல, வேடியப்பன் மாமா. அப்பாவும் அவரும் கீழ்பென்னாத்தூர்ச் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்படித்துச் சின்னம் வரைவார்கள். குட்டி இனியா நீலப் பொடி கரைப்பாள். கட்சிக் கூட்டத்து மேடையில் அவளைத் தூக்கி 'இனியா' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தக் கட்சியில் அப்போது கார் வைத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் என்ன சந்தோஷமாக இருந்தார்கள்!

மனசு சரியில்லையென்றால் மாமா விடியுமுன் அண்ணாமலையைச் சுற்றக் கிளம்பிவிடுவார். வெறுங்காலோடுதான். செருப்பு இங்கே கிடப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. போனவர் ஏன் திரும்பவில்லை என்பதுதான் கேள்வி.

வாசலில் விசாரித்தாள். பெரியவர் மூணு மணி வாக்கில் தனியாக நடந்து போனார் என்றார் வாட்ச்மேன். அதற்கு முன்பே ஆறு பேரில் ஒருவரான கலையரசனும் வெளியே போய், ஆறு மணிக்குத்தான் திரும்பினாராம்.

கலையரசன் சோபாவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்தீங்க?"

"கிரிவலம். நாலு நாளா ரூம்லயே அடைஞ்சு கெடந்தா பைத்தியம் புடிக்காதா?"

"முழுசா சுத்தினீங்களா?"

"பின்ன? பாதில திரும்பினா பாவமாச்சே."

"வேடியப்பனைப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. அடி அண்ணாமலை தாண்டி எதிர்ல வந்தாரு. வணக்கம் வெச்சேன். ஏதோ யோசனையில போயிட்டாரு. கேஸெல்லாம் எதுக்கு, மனசு மாறி ஊருக்குப் போயிருப்பாரு."

"எதிர்லயா?"

"ஆமா. நல்லா மூஞ்சிக்கு நேரா."

இனியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், மலைய வலது கைப் பக்கம் வெச்சுத்தான் எல்லாரும் நடப்பாங்க. முன்னால போறவங்க முதுகுதான் தெரியும். எதிர்ல ஆளே வராது. நீங்க ஒரு தடவையாவது நடந்திருந்தா இது தெரிஞ்சிருக்கும். எப்பவும் கார்லதான சுத்துவீங்க? அவர் மூஞ்சி தெரிஞ்சுதுன்னா நீங்க தலைகீழா, சுத்து முடியற வேங்கிக்கால் பக்கத்துலருந்து கார்ல வந்திருக்கீங்க. அவர எங்க இறக்கினீங்க?"

கலையரசன் காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

விஷயம் மளமளவென்று வெளியே வந்தது. குழுவில் ஒரு தலையைக் குறைத்துக் கொடுத்தால் கலையரசனுக்குப் பெரிய பதவி என்று தலைமை பேசியிருந்தது. தானாக விலகினால் இந்த ஐந்து பேரும் ஜன்மப் பகையாகிவிடுவார்கள். கிழவர் காணாமல் போனால் பழி தன் மேல் விழாது. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருந்துவிடலாம். அவர் கிளம்பும் நேரம் பார்த்து முந்திப் போய் வீட்டைத் தயார் செய்துவிட்டு, "அண்ணிக்கு நெஞ்சு வலி" என்று வழியில் காரில் ஏற்றியிருக்கிறார். வேங்கிக்காலில் மச்சானின் புது வீட்டில் பூட்டியிருக்கிறார்.

9.20. பூட்டை உடைத்ததும் வேடியப்பன் கேட்ட முதல் கேள்வி, "ஜோதி எப்படி இருக்குது?"

"அத்தை நல்லா இருக்காங்க மாமா. போன்ல பேசிட்டேன். சும்மா சொல்லி ஏமாத்தியிருக்காங்க."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். இனியாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே," என்றார் அவர். "பாதி மலை சுத்தும்போதே முடிவு பண்ணிட்டேன், சென்னைக்குப் போறதில்லைன்னு. நானும் உங்கப்பனும் செவுரு செவுரா எழுதி வளத்த கட்சி. மிச்சம் இருக்கற காலத்துக்கு அதுலயே கெடந்துட்டுப் போலாம்னு இருந்தேன்."

"இப்ப?"

"பொண்டாட்டி சாவப் போறான்னு பொய் சொல்லிப் பூட்டி வெக்கிற கட்சி நம்மது இல்ல பாப்பா. நாலு மணிக்குள்ள சென்னை போயிடலாமா?"

"போயிடலாம் மாமா."

ஜீப்பில் ஏறுமுன் தோளிலிருந்த கட்சித் துண்டை எடுத்து மடித்தார். கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு அதைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, கட்டியிருந்த வேட்டியின் நீலக் கரையைக் குனிந்து பார்த்தார். நாற்பது வருஷமாக வேறு வேட்டி கட்டாத மனிதர். இனியாவின் அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோதும் அந்தக் கரை வேட்டிதான் கட்டியிருந்தது. அதை அவருக்குக் கட்டிவிட்டதே வேடியப்பன்தான்.

"வழியில துணிக்கடை எதாவது இருந்தா நிறுத்தச் சொல்லும்மா," என்றார். "கரையில்லாத வேட்டி ஒண்ணு வாங்கணும்."