வரைபடத்தில் நாற்பது புள்ளிகள்

முதல் மணி அடித்து வெகுநேரமாகியும் அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட வந்து உட்காரவில்லை. கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்த வகுப்பு அது. மேசைகள் இப்போதுதான் துடைத்ததுபோல் பளபளத்தன. பலகையில் தேதி எழுதியிருந்தது. சன்னலுக்கு வெளியே ஏதோ வெளிநாட்டு மரம் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி உருவாக்கி விட்டிருந்த சீருடைப் பொம்மைப் பெண் மட்டும் நடுவில் தன்னந்தனியாக நின்றாள்.

"ஆளே இல்லடி ரோகிணி," என்றாள் போனில்.

"இருப்பாங்கக்கா. நீ கதவத் தெறந்ததும் எல்லாம் உக்காந்திருக்கணும். நல்லாப் பாரு."

நன்றாகத்தான் பார்த்தாள். யாருமில்லை.

பேரையூர் போகும் ரோட்டில் இருந்த அந்தப் பள்ளியில் தாமரைச்செல்வி கம்ப்யூட்டர் டீச்சர். மே மாத விடுமுறை. திங்கட்கிழமை கோடை முகாம் தொடங்குகிறது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் இங்கிலீஷ் பேசிப் பழக இந்த விளையாட்டைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது தலைமையாசிரியையின் யோசனை. ஒரு பள்ளிக்கூடம், அதைச் சுற்றி ஒரு ஊர், எந்தத் தெருவிலும் இஷ்டம்போல் நடக்கலாம், வகுப்புக்குப் போகலாம், சிநேகிதம் பிடிக்கலாம். அதை முதலில் தான் கற்றுக்கொண்டு, புதிதாக ஆடுகிற பிள்ளைக்கும் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் தமிழில் எழுதித் தரவேண்டும் என்றிருந்தார்கள். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தங்கை ரோகிணி ஒரு வருடமாக அந்த விளையாட்டே கதியென்று கிடப்பவள். அவள்தான் காலையிலிருந்து போனில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த நான்கு பட்டனில் நடப்பது, எந்தப் பட்டனில் உட்காருவது, கால அட்டவணையை எங்கே பார்ப்பது, பசிக் கோடு குறைந்தால் உணவுக்கூடத்துக்கு ஓடுவது, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் தவறாமல் வணக்கம் சொல்வது. தாமரைச்செல்வி ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி வைத்திருந்தாள்.

மணி இரண்டரை. தூசி நுழையக்கூடாதென்று கம்ப்யூட்டர் அறையின் சன்னல்களை எல்லாம் அடைத்து நீலத் துணி போட்டிருந்தார்கள். அதையும் மீறி மைதானத்து வெயில் துணியில் வெள்ளையாக அறைந்துகொண்டிருந்தது. ஏசி கரகரத்தது. சூடேறிய பிளாஸ்டிக் வாசமும், காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்த சிமெண்டு வாசமும் கலந்து கிடந்தன. பின்சுவரை ஒட்டி ஜமுக்காளத்தை விரித்து அவளுடைய ஏழு வயது மகள் முத்துமீனா தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் விட்டுவர ஆளில்லை என்று கூட்டி வந்திருந்தாள். வாட்ச்மேன் சின்னச்சாமி கேட்டைப் பூட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

பிள்ளை முழித்துவிடக் கூடாதென்று ஹெட்செட்டை ஒரு காதில் மாட்டியிருந்தாள். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் மெதுவாகப் பேசியது.

"சரி, வரைபடத்தத் தெற. உங்கூடப் படிக்கிறவங்க எங்க இருக்காங்கன்னு மஞ்சப் புள்ளியாக் காட்டும். நாப்பது பேரு."

திறந்தாள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரு புள்ளி இல்லை. வகுப்புகள், நூலகம், உணவுக்கூடம், தோட்டம் எல்லாம் வெறிச்சென்று கிடந்தன. படத்தைக் கீழே இழுத்தாள். ஊரைத் தாண்டி, தெருக்கள் முடிந்து, வெறும் சாம்பல் நிறமாக விரிந்த இடத்தில் அவை இருந்தன. ஒன்றின்பின் ஒன்றாக. வரிசையாக.

"ஊருக்கு வெளிய நிக்கிறாங்கடி."

"அங்க போகவே முடியாதுக்கா. ரோடே கெடையாது."

வரிசை அசைந்தது. இம்மி இம்மியாக, பள்ளிக்கூடத்தைப் பார்த்து.

ஏதோ கோளாறாக இருக்கும் என்று ரோகிணி சொன்னாள். அப்படியே அணைத்தால் இதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிடும், விளையாட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் ரூம் உண்டு, அங்கே போய் உட்கார்ந்தால்தான் பதிவாகும், பதிந்துவிட்டு மறுபடி திறந்தால் சரியாகிவிடும் என்றாள். தாமரைச்செல்வி பொம்மைப் பெண்ணை நடத்திக்கொண்டு போனாள். நீளமான நடைபாதை. பொம்மையின் பூட்ஸ் சத்தம் மட்டும் ஹெட்செட்டில் டக் டக்கென்று கேட்டது. படியிறங்கும்போது ஒருமுறை வரைபடத்தைத் திறந்தாள். வரிசை பள்ளி வாசலுக்கு வந்திருந்தது. நடைபாதைத் திருப்பத்தில் இன்னொருமுறை திறந்தாள். அவள் இப்போதுதான் கடந்து வந்த படியில் இருந்தது. பொம்மையைத் திருப்பிப் படியைப் பார்த்தாள். அங்கே எவரும் இல்லை. வரைபடத்தில் நாற்பது மஞ்சள் புள்ளிகள், படியில் வெறும் வெளிச்சம்.

அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. ஏசி என்று நினைத்துக்கொண்டாள். விளையாட்டுத்தானே என்றும் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பொம்மையை ஓடவைத்தாள். கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழைத்து, உட்காரும் பட்டனை அழுத்தினாள். பதிவாகிவிட்டது என்று காட்டியது. பெருமூச்சு விட்டாள்.

அப்போது அந்தச் சத்தம்.

சொத்.

ரப்பர் செருப்பைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் போட்டால் வருகிற சத்தம். சொத். சொத். ஒவ்வொரு பீரியடிலும் அவள் கேட்கிற சத்தம்தான். பிள்ளைகள் இந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆனால் விளையாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டவர்கள்.

ஹெட்செட்டைக் கழற்றினாள்.

சொத்.

கதவுக்கு வெளியிலிருந்து.

"அக்கா," என்றாள் ரோகிணி, "முகாம் திங்கக்கெழமைதான? இன்னைக்கே பசங்கள வரச் சொல்லிட்டியா?"

"இல்லையே. ஏன்?"

"கசகசன்னு பேசிக்கிட்டிருக்காங்களே. உனக்குக் கேக்கலையா?"

தாமரைச்செல்விக்கு ஏசியின் கரகரப்பும் மகளின் மூச்சும்தான் கேட்டன. நானும் மீனாவும் மட்டுந்தான் இருக்கோம் என்று சொன்னாள். ரோகிணியின் குரல் தாழ்ந்தது.

"வெளாடாதக்கா. 'டீச்சர், உள்ள வரலாமா'ன்னு இப்பத்தான் கேட்டாங்க. அம்புட்டுப் பேரும் சேந்து கேட்டாங்க."

"ரோகிணி."

"நீதான வாங்கன்னு சொன்ன. ஓங் கொரலு எனக்குத் தெரியாதா?"

தாமரைச்செல்வி வாயே திறந்திருக்கவில்லை.

இணைப்பைத் துண்டித்தாள். சின்னச்சாமியை அழைத்தாள். நான்கைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். கையைக்கூடக் கழுவவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. யாராவது உள்ளே வந்தார்களா என்று கேட்டாள்.

"யாரும் வரலையே டீச்சர். கேட்டுப் பூட்டித்தான கெடக்கு. சாவி எம்மடியிலதான் இருக்கு."

"கொஞ்சம் இங்க வாங்கண்ணே. சீக்கிரம்."

"இந்தா வாரேன்."

அந்த 'வாரேன்' அவளுக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது. மனிதக் குரல், சோற்றுக் கையோடு பேசுகிற குரல். எழுந்தாள். மகளைப் பார்த்தாள். ஜமுக்காளத்தின் நடுவில் கைகால்களை அகல விரித்துப் போட்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். அவர் வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குக் காத்திராமல் ரோட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கதவருகே போனாள். கீழ் இடுக்கில் வெயில் கோடாகத் தெரிந்தது. கோட்டில் நிழல்கள் இருந்தன. சின்னச் சின்னதாக, அடுத்தடுத்து. அவள் பார்க்கும்போதே விலகின.

தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள்.

வெயில் முகத்தில் அறைந்தது. கண் கூசியது. வராந்தா காலி. மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேட்டில் பூட்டு தொங்கியது.

பிறகுதான் கீழே பார்த்தாள்.

செருப்புகள். வராந்தா நெடுகச் சுவரோரமாக, சோடி சோடியாக, நாற்பது சோடி இருக்கும். நீலவார், சிவப்புவார், ஊக்குக் குத்திய வார். எல்லாம் பிள்ளைகளுடையவை. எல்லாவற்றிலும் வார் மூழ்கச் சேறு. கரிசல் சேறு. மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சேறு ஈரமாக இருந்தது. வடிந்துகொண்டிருந்தது.

ஆற்றங்கரை வாசம் வந்தது. கிணற்றடி வாசம்.

சின்னச்சாமி மைதானத்தில் வந்துகொண்டிருந்தார். தோளில் துண்டு. வேகமாகத்தான் வந்தார். பாதி வழியில் நின்றுவிட்டார். அவள் கையை ஆட்டினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பார்வை இடுப்பு உயரத்தில் இருந்தது. தோள் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. திரும்பாமல் அப்படியே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை.

பாதத்தின் ஓரத்தில் குளிர்ச்சி.

குனிந்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு ஈரக் காலடி. சின்னது. ஐந்து விரல்களும் தெளிவாக. அதன் முன்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிந்தன. அவள் கால்களுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து. அவளை இடிக்காமல். டீச்சருக்கு ஒதுங்கிப் போகிற பிள்ளைகள் மாதிரி.

உள்ளே.

சேலைத் தலைப்பு இப்படி ஒருமுறை ஆடியது. அப்படி ஒருமுறை ஆடியது. காற்று இல்லை.

கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வரிசை முடியவே இல்லை. ஒன்று. இன்னொன்று. இன்னொன்று.

கடைசியில் நின்றது.

பின்னால் அறைக்குள் ஒரு ஸ்டூல்கூட அசையவில்லை. ஏசி மட்டும் கரகரத்தது. அப்புறம் மகளின் குரல். தூக்கம் கலையாத, சிணுங்குகிற குரல்.

"தள்ளிப் படுங்க. எனக்கு எடமே இல்ல."

தாமரைச்செல்வி திரும்பினாள்.

அறை காலியாக இருந்தது. ஈரக் காலடிகள் எல்லாம் ஒரே திசையில் போய் ஜமுக்காளத்தின் விளிம்பில் முடிந்திருந்தன. ஜமுக்காளம் முழுக்க நனைந்து கறுத்துப் பள்ளம் பள்ளமாக அமுங்கியிருந்தது. மூலையில், சுவரோடு சுவராக, முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, கண் மூடியபடியே முத்துமீனா ஒண்டிக் கிடந்தாள். கன்னம் சுண்ணாம்புச் சுவரில் அழுந்தி வாய் கோணியிருந்தது. தாமரைச்செல்வி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாத அந்தச் சின்ன உடம்பு, இன்னும் ஒரு விரற்கடை சுவரை நோக்கி நெருக்கப்பட்டது.