சுவரைப் பார்த்து நின்ற ஃபேன்

"ஏனுங்க, அந்த வெளிச்சத்தப் பாக்காதீங்க... பாக்காதீங்கன்னா!"

சொன்னால் கேட்கிற ஆளா முத்துப்பேச்சி? கோவில்பட்டிப் பக்கத்து வாய்த்துடுக்காயிற்றே. கால் ஒடிந்த துணி டிராலியைத் தள்ளிக்கொண்டு பனியன் கம்பெனியிலிருந்து எதிர்த்த வெல்டிங் ஷெட்டுக்கு வந்தவள், நீலமாய்ச் சிதறிய அந்த ஒளியை வாய் பிளந்து பார்த்தாள். ஹெல்மெட்டைத் தூக்கினான் ஒருவன். வியர்வையில் நனைந்த முகம்... சிரிக்கத் தயங்குகிற கண்கள்...

"போன வாரம் இந்தக் கால ஒட்டிக் குடுத்தது நீங்கதான? மூணு நாள் தாங்கல. ஒட்டத் தெரியாட்டி எதுக்கு இந்தத் தொப்பி?"

"கத்துக்கிட்டு இருக்கறனுங்க."

பெயர் அருள்குமார். சொந்த ஊர் குண்டடம். கிணறு வற்றி, காடு தரிசாகி, இந்த அருள்புரத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சண்டைக்கு வந்தவளுக்கும் 'ங்க' போடுகிறவனை என்ன செய்வது? அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலமே கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்தல்... தண்ணீராய்க் கொட்டியது. மறுநாள் கம்பெனி கேட்டில் காகிதப் பொட்டலத்தோடு நின்றான். உள்ளே நந்தியாவட்டைப் பூ.

"கண்ணு மேல வெச்சுக்கிட்டுப் படுங்க. குளுகுளுன்னு இருக்குமுங்க."

"ஒங்க ஊருல பூவக் கண்ணுலதான் வைப்பாகளோ?" என்று கேட்டுவிட்டு... வாங்கிக்கொண்டாள். போச்சு! அன்றைக்கே மனசு போச்சு.

அதன் பிறகு எந்த டிராலி ஒடிந்தாலும் முத்துப்பேச்சிதான் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒடியாத டிராலிகூட இரண்டு வந்தது.

அவன் உருண்டைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான். மிக் வெல்டிங்கில் கம்பியும் கேஸும் கையிலிருக்கும் கன் வழியே தானாக வந்துவிடும். கைதான் வளைவோடு வளைவாய்ச் சுற்றி வர வேண்டும். கொஞ்சம் நின்றால் குழாயில் ஓட்டை. கொஞ்சம் அவசரப்பட்டால் ஒட்டவே ஒட்டாது.

"மொதல்ல நாலு பக்கமும் புள்ளி வெச்சுக்கோணுமுங்க. அப்புறம் கால் வட்டம், கால் வட்டமா... கை நடுங்கக் கூடாது."

"இப்ப நடுங்குதே?"

"நீங்க நிக்கறீங்களே..."

சொல்லிவிட்டுப் படக்கென்று ஹெல்மெட்டை இறக்கிக்கொண்டான். அடடா, என்ன வெட்கம்!

ஷெட் மூலையில் ஆளுயர ஃபேன் ஒன்று எப்போதும் சுவரைப் பார்த்தே சுற்றும். "ஏன், இங்க சுவருக்குத்தான் வேர்க்குமோ?" என்று ஒருநாள் கேட்டாள். "அது அப்படித்தானுங்க" என்று சிரித்தான். அதற்குமேல் விளக்கவில்லை, பாவி.

ஊரில் அண்ணன் முனீஸ், மாமன் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தான். அருள்குமாரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றை ரூபாய் போனில் ஒரு மாதம் அழுதாள். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தான். "அவனுக்கு நெலையா ஒரு வேல இருக்கா? இருந்தா ஞாயித்துக்கெழம வந்து பாக்கேன். இல்லேன்னா பேசாம பொட்டியக் கட்டு."

அந்த வேலை வெள்ளிக்கிழமை முடிவாகிவிடும். ஷெட் முதலாளி ஆத்தப்பன் ஒரு மாடிப்படிக் கைப்பிடி ஆர்டர் எடுத்திருந்தார். கற்றுக்கொள்கிறவர்கள் இரண்டு பேர், இருப்பது ஒரே இடம். ஆளுக்கொரு குழாய் ஒட்ட வேண்டும். அவர் சம்மட்டியால் அடித்துப் பார்த்து ஒருவனை வைத்துக்கொள்வார்.

அண்ணன் சொன்னதை அவனிடம் சொல்லலாமே? சொல்லவில்லை. பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவன் முதலில் சொல்லட்டும் என்கிற வீம்பு. வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பு.

வெள்ளிக்கிழமை. சித்திரை வெயில், தகரக் கூரை. டிராலியோடு எட்டிப் பார்த்தாள். குழாயின் மேல் குனிந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. ஐயோ, பாவம்... ஓசைப்படாமல் போய் ஃபேனை அவன் பக்கம் திருப்பிவிட்டு ஓடி வந்துவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு நெஞ்செல்லாம் குளிர்ச்சி.

மறுநாள் காலை ஷெட்டில் அவனைக் காணோம். ஆத்தப்பன் இரண்டாய்ப் போன ஒரு குழாயைக் காட்டினார். ஒட்டிய இடமெல்லாம் ஆப்பம் மாதிரிப் பொத்தல்.

"நல்ல கைதான் கண்ணு. ஆனா ஃபேன் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாக்கோணுமல்ல? காத்தடிச்சா கேஸு கலைஞ்சு போயிரும். ஒட்டுனது பூராப் பொத்தலாயிரும். மொத அடியிலயே போச்சு. யாரு திருப்புனதுன்னு கேட்டா வாயவே தொறக்கல. எடத்த மத்தவனுக்குக் குடுத்துட்டேன். இவன் ஊருக்குப் போறேன்னு இப்பத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனான்."

டிராலியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வெளியே கோடை மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. கையில் துணிப்பையோடு நனைந்துகொண்டு நின்றான்.

"ஃபேனத் திருப்புனது நாந்தான்..." மூச்சு வாங்கியது. "சத்தியமா எனக்குத் தெரியாது... வேர்க்குதேன்னுதான்..."

"தெரியுமுங்க. முதுகுல காத்துப் பட்டுது. ஹெல்மெட்டத் தூக்கிப் பாத்தேன். உங்க பச்சத் துப்பட்டா கதவுகிட்ட மறைஞ்சுது."

"பாத்துட்டு ஏன் அத மறுபடி சுவரப் பாக்க வைக்கல?"

"மனசு வரலீங்க." அவன் ரோட்டையே பார்த்தான். "மூணு மாசமா திட்டித்தான் கேட்டிருக்கறேன். நேத்துத்தான் எனக்குன்னு ஒண்ணு பண்ணுனீங்க. கொஞ்சம் காத்துதான, தாங்கிக்கும்னு நெனச்சனுங்க..."

அவளுக்கு அழுகை பீறிட்டது. மறைக்க இனி என்ன இருக்கிறது?

"எனக்கு ஒங்கள அம்புட்டுப் பிடிக்கும்! பூக் குடுத்த அன்னைக்கே பிடிச்சிட்டு. ஒங்களுக்கு வேல நெலைச்சா நாளைக்கு அண்ணன் வந்து பாக்கேன்னு சொல்லியிருந்தான். இல்லாட்டி... மாமன் மவனுக்குத்தான்."

அவன் முகம் வெளுத்துப்போனது.

"நாளைக்கு நான் வந்து பேசட்டுங்களா?"

"என்ன வேலன்னுதான் மொதல்ல கேப்பான்..."

குண்டடம் வழியாகப் போகும் தாராபுரம் பஸ் வந்தது; விட்டான். இன்னொன்று வந்தது, அதையும் விட்டான். மூன்றாவது பஸ்ஸின் படியில் கால் வைத்தவன் திரும்பினான். கண்ணில் வழிந்ததில் மழை எது, மற்றது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இத வெள்ளிக்கெழமைக்கு முந்தியே சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொல்லியிருந்தா?"

"ஃபேன நானே சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருப்பனுங்க. எனக்கும் உங்களப் புடிக்குமுங்க... அந்தக் காத்து மட்டுந்தான் எனக்குக் கெடைக்கும்னு நெனச்சுட்டேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. மறுநாள் அண்ணன் வரும்வரை அவள் பெட்டியைக் கட்டவே இல்லை. முனீஸ்தான் வந்து கட்டினான்.