ஹாலந்துத் தோட்டத்து எலிவளை

மற்ற துலிப் பூக்களைவிட ஒன்று மட்டும் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

வெயில் ஏறுவதற்கு முன் வரிசைகளைப் பார்வையிட வந்த மோகன்குமார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மீண்டும் பார்த்தான். அது இன்னும் சற்றுத் தாழ்ந்திருந்தது. காற்று இல்லை, இலை அசையவில்லை, ஆயினும் அந்தச் சிவந்த பூ, அடியிலிருந்து யாரோ பொறுமையாக நூலை இழுப்பதைப் போல, மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கி, இதழ்கள் மேல்நோக்கிக் குவிய, பெருமூச்சை ஒத்த சிற்றொலியுடன் மறைந்துபோனது. அது நின்ற இடத்தில் இப்போது ஒரு கரிய துளை இருந்தது. அவன் குனிந்து முகத்தை அருகே கொண்டு சென்றான். உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று, ஈர நெல்லின் வாடையோடு, அவன் உதட்டில் பட்டது.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி, தனியார் அறக்கட்டளை ஒன்று எழுப்பிய உலகப் பண்பாட்டுப் பூங்கா மறுநாள் காலை திறக்கப்பட இருந்தது. ஜப்பானுக்கு ஒரு குட்டையும் கல்விளக்கும். முகலாயருக்கு ஒரு நீரூற்று. ஆப்பிரிக்கா என்ற கண்டம் முழுமைக்கும் சில மர முகமூடிகள். ஹாலந்துக்கு ஒரு பொம்மைக் காற்றாலையும், பனிக்கட்டிப் பெட்டிகளில் வந்திறங்கி மண்ணில் நடப்பட்ட துலிப் செடிகளும். உலகத்தின் பண்பாடுகளை இவ்வாறு வேலிக்குள் அழைத்து மரியாதை செய்தவர்கள், வேலிக்கு அப்பால் தலைமுறைகளாக இருந்த இருளர் குடிசைகளை மட்டும் ஒரு வரவேற்புப் பதாகையால் மறைத்துவிட்டார்கள். அதற்கு ஈடு செய்வதுபோலப் பூங்காவின் கடைக்கோடியில் ‘ஆதிக்குடிகள் தோட்டம்’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அங்கே சிமெண்டாலான ஓர் இருளரும் அவர் மனைவியும், சிமெண்ட் எலிவளை ஒன்றின் முன், சிமெண்ட் பானையோடு, வெயிலிலும் மழையிலும் குந்தியிருந்தார்கள்.

மோகன்குமார் முன்பு பார்த்த வேலைகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கப்பட்டவன். அவன் பொறுப்பில் விழா குறையின்றி நடந்து, அமைச்சர் முன்னிலையில் அவனது வரவேற்புரையும் சிறப்பாக அமைந்தால், பூங்காவின் நிர்வாகி அவனே என்று அறக்கட்டளைத் தலைவர் வாக்களித்திருந்தார். ஒரு குறை தென்பட்டாலும் அந்த நாற்காலியில் வேறொருவன் அமர்வான் என்பதையும் அவரே, சிரித்துக்கொண்டே, சொல்லியிருந்தார்.

ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டிருந்த முஸ்தபா இறங்கி வந்து துளையைப் பார்த்தான். கடைத்தெருவில் ஒலிபெருக்கிக் கடை நடத்தும் குடும்பம் அவனுடையது.

“எலி சார். கீய பூரா வளை கீது. சின்னதம்பி அண்ணன இட்டாந்தா மதியத்துக்குள்ள முட்சிடுவாரு.”

“யாரு அது?”

“அதோ அங்க சிலையா குந்திக்கினு கீறாரே, அவருதான்.”

“முன் கேட் வழியா வேண்டாம். பின்பக்கமா வரச் சொல்லு.”

சின்னதம்பி புகையூதும் பானையோடு வந்தார். பின்னால் வைக்கோலும் வறட்டியும் சுமந்து வந்த அவர் மனைவி வள்ளியம்மா, தன் சிலையின் எதிரே நின்று, அதை மேலும் கீழும் பார்த்தார்.

“எனுக்கு இம்மாம் பெரிய மூக்கா? எந்த ஊரு கண்ணு வச்சிக்கினு செஞ்சானோ.”

“மூக்கு கெடக்குது. பேசாம குந்திக்கினு கீது பாரு, அதுக்கே அத்தக் கும்புடணும்,” என்றார் சின்னதம்பி.

“கும்புடு. ராவிக்கு சோறும் அதுகிட்டயே கேளு.”

இருவரும் வெறுங்காலால் புல்வெளியை மிதித்து நடந்து, மண் பொருமியிருந்த இடங்களைக் கண்டு, வளைகளை ஒவ்வொன்றாகச் சேற்றால் அடைத்தார்கள். பிறகு வைக்கோலைத் திணித்துக் கொளுத்திய பானையின் வாயைப் பெரிய வளையில் பொருத்தி, அடித்துளை வழியாகச் சின்னதம்பி ஊதத் தொடங்கினார். புகை மண்ணுக்குள் போனது. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பின்னர், துலிப் வரிசைகளுக்கு அடியில், மிக மெல்லிய அழுகை கேட்டது. தொட்டிற் குழந்தைகள் பலவற்றைக் கம்பளியால் மூடினால் அவ்வாறு கேட்கக்கூடும்.

பாதையோரத்தில் ஒரு வளை மட்டும் அடைபடாமல் இருந்தது. அதிலிருந்து புகை இழையாக எழுவதை மோகன்குமார் பார்த்தான்.

“இதை ஏன் மூடல?”

“அத்த மூடக் கூடாது சார். கடசியா ஒன்னு போறதுக்கு வயி உடணும். எங்க பயக்கம் அது.”

“ஒண்ணு போனா நாளைக்கு அமைச்சர் காலுக்குக் கீழ ஓடும். அப்ப உங்க பழக்கமா வந்து பதில் சொல்லும்? மூடு.”

சின்னதம்பி பானையைத் தரையில் வைத்தார். “போறது போய்டும் சார். வயியே இல்லன்னா, அது எங்கியாவது ஒரு வயி பண்ணிக்கும்.”

“நான் சொல்றதைச் செய்யத்தான் உன்னைக் கூப்பிட்டேன்.”

“நீயே மூடிக்கோ சாரு,” என்றார் வள்ளியம்மா, கீரை விலை சொல்லும் குரலில். “எங்க கை வாணாம். மூட்ன கை எதுன்னு அதுக்குத் தெரியும்.”

சிலை வேலையில் மிஞ்சிய சிமெண்டை மோகன்குமார் தானே குழைத்தான். கைநிறைய அள்ளி, அந்தக் கடைசி வளையில் திணித்து, உள்ளங்கையால் அழுத்தினான். அப்போது உள்ளிருந்து ஏதோ அவன் கையைத் தொட்டது. சிறியது, சூடானது. அது கடிக்கவில்லை, தள்ளியது. அதன் பக்கத்தில் இன்னொன்று தள்ளியது. பிறகு பல. மழைக்காலத்தில் கதவைத் தட்டுபவர்களின் அவசரத்தோடு அவை தள்ளின. அவன் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மாறாக, மற்றொரு கையையும் அதன்மேல் வைத்து, உடலின் எடை முழுவதையும் கொடுத்து, அடியில் அசைவு தளர்ந்து, விட்டுவிட்டுத் துடித்து, நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தான். எழுந்தபோது அவன் முகத்தில் நிறைவு இருந்தது.

வள்ளியம்மா மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருவரும் பின்பக்கமாகவே போனார்கள்.

பிற்பகலில் முதன்முதலாக அந்த வாடை வந்தது. ஜப்பானியத் தோட்டத்துக் குட்டையின் மேல் வெயில் தகடாகக் கிடந்தது. தவளைகூட இல்லாத அமைதி. அந்த அமைதிக்குள் வைக்கோற்புகையின் கசப்பு, நெல் உமியின் இனிப்பு, அவற்றுக்கு அடியில் கருகிய மயிரின் நெடி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அவன் மூக்கை அடைந்தன. கல்விளக்கின் சாளரத்திலிருந்து ஒரு புகையிழை வெளிவந்து, கீழே வழிந்து, நீரின்மேல் ஊர்ந்து, அவன் நின்ற கரையை நோக்கி வந்தது.

“முஸ்தபா, யாரு வைக்கோல் கொளுத்தறது?”

“வைக்கோலா? எனுக்கு ஒன்னும் வர்லியே சார். வெயிலு தலைக்கேறிக்கினு கீது உனுக்கு. ஒரு சோடா அடி.”

முகலாய நீரூற்றைத் திறக்கச் சொன்னான். மோட்டார் ஓடியது. குழாய் முனையிலிருந்து தண்ணீர் வருவதற்கு முன் ஒரு மூச்சு வந்தது. நீண்ட, வெதுவெதுப்பான மூச்சு. அது முடிந்த பிறகுதான் தண்ணீர். ஆப்பிரிக்கத் தோட்டத்து முகமூடிகளைக் கடந்தபோது அவற்றின் திறந்த வாய்களுக்குள், மரத்தைத் தாண்டிய ஆழத்தில், நகங்கள் பிறாண்டும் ஓசை கேட்டது. அவன் நின்றால் ஓசையும் நின்றது. நடந்தால் கூடவே நடந்தது.

ஆதிக்குடிகள் தோட்டத்துக்கு அவன் போக விரும்பவில்லை. போனான். சிமெண்ட் எலிவளை வெறும் ஒப்பனை. விரல் நுனி நுழையும் அளவுக்குக் குழித்து, கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். உறுதி செய்துகொள்வதற்காகவே விரலை வைத்தான். விரல் போயிற்று. மணிக்கட்டு வரை போயிற்று. முழங்கை வரை போயிற்று. உள்ளே வெப்பம், ஈரம், எங்கும் மென்மயிர்.

பிடுங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பின்னால் சிமெண்ட் பெண்ணின் பெரிய மூக்கு, காற்றை முகர்வதைப் போலச் சற்று நிமிர்ந்திருந்ததாக அவனுக்குத் தோன்றியது.

அன்றிரவு பூங்கா அலுவலக அறையிலேயே படுத்தான். உறங்கினானா என்பது அவனுக்கே தெரியாது. விடிந்தபோது நாக்கில் வைக்கோற்புகையின் ருசி இருந்தது. பல் துலக்கினான், போகவில்லை. நகக்கண்ணில் சிமெண்ட் படிந்திருந்தது. கல்லால் தேய்த்தும் போகவில்லை. பூங்காவின் பிற இடங்களில் இப்போது புகை இல்லை, ஓசை இல்லை. கல்விளக்கு வெறும் கல்விளக்கு. நீரூற்று வெறும் நீரூற்று. எல்லாம் அடங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வாயைத் திறந்தான். இருமல் வந்தது. உள்ளங்கையில் ஏதோ விழுந்தது.

ஒரு நெல்மணி. உமியோடு. ஈரமாக.

நாதசுரம் தொடங்கிவிட்டது. கார்கள் வந்தன. அமைச்சர் ஜப்பானைக் கடந்தார், முகலாயரைக் கடந்தார், ஆப்பிரிக்காவின் முன் படம் எடுத்துக்கொண்டார். மேடை ஹாலந்துத் தோட்டத்தில், துலிப் வரிசைகளின் நடுவே போடப்பட்டிருந்தது. மேடைக்குக் கீழே ஓரமாகச் சின்னதம்பியையும் வள்ளியம்மாவையும், பாசிமணியும் இலைகளால் ஆன உடையும் அணிவித்து, நிறுத்தியிருந்தார்கள்.

“இத்தக் கட்டிக்கினு எங்க ஆயாவோட ஆயாகூட நின்னிருக்க மாட்டா,” என்று வள்ளியம்மா முணுமுணுத்தது மோகன்குமாரின் காதில் விழுந்தது. பிறகு அவர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். அவன் முகத்தை அல்ல. தொண்டையை.

தொண்டைக்குள் ஏதோ திரும்பிப் படுத்தது.

அவன் விழுங்கினான். அது இறங்கியது. மீண்டும் ஏறியது. நாக்கின் அடியில் ஒரு பிறாண்டல். இன்னொன்று. பற்களை இறுகக் கடித்துக்கொண்டான். மூக்கின் வழியே மூச்சு விட்டான். மூச்சில் புகை இருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை.

“அடுத்ததாக, வரவேற்புரை.”

அவன் எழுந்தான். ஒலிவாங்கியின் முன் நின்றான். வாய் திறக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. அமைச்சர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுத்தார். தலைவரின் சிரிப்பு மாறாமல் இருந்தது. கண்கள் மட்டும், வரிசையில் அமர்ந்திருந்த வேறொருவன் பக்கம், மெல்லத் திரும்பின.

“சார், பேஜார் பண்ணாத,” என்று முஸ்தபா மேடைக்குக் கீழிருந்து கிசுகிசுத்தான். “மைக் ஆன்ல கீது. ஒரு வணக்கமாவது சொல்லு.”

ஒரு வணக்கம். அதைச் சொல்லிவிட்டால் நாற்காலி அவனுடையது.

வாயைத் திறந்தான்.

சொல் வரவில்லை. ஒலிபெருக்கிகள் நான்கிலிருந்தும் பிறாண்டும் ஓசை புறப்பட்டு ஏரி வரை போனது. சத்தம் போதவில்லையென எண்ணி முஸ்தபா கூட்டினான். அழுகை கேட்டது. கம்பளிக்கு அடியில், பல குழந்தைகள். ஒலிப்பதிவு நாடகம் என்று நினைத்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். அமைச்சரும் தட்டினார்.

சின்னதம்பி மட்டும் மேடையேறி வந்தார். யாரும் தடுக்கவில்லை, அதுவும் நிகழ்ச்சி என்றே கருதினார்கள். அவர் அவன் எதிரில் குந்தி, வளையின் முன் ஏந்துவதைப் போல இரு கைகளையும் அவன் முகவாய்க்கருகே ஏந்தினார்.

“மூடாத சார். ஒன்னாவது போவட்டும்.”

மோகன்குமார் மூட விரும்பவில்லை. அந்த ஒரு கணம் அவன் உண்மையாகவே விரும்பவில்லை. ஆனால் அவனுடைய வலக்கை எழுந்தது. நகக்கண்ணில் சிமெண்ட் படிந்த கை. அது அவன் வாயின்மேல் படிந்தது. அழுத்தியது. இடக்கையும் எழுந்து அதன்மேல் படிந்தது. அவன் இழுத்தான். கைகள் வரவில்லை. இழுப்பதற்கு அவனிடம் வேறு கைகள் இல்லை.

உள்ளே ஒன்று தள்ளியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பல.

கன்னம் புடைத்தது. மூக்கின் துளைகள் அடைபட்டன. கைதட்டல் ஓயவில்லை. சின்னதம்பி ஏந்திய கைகளைத் தாழ்த்திக்கொண்டு, எழுந்து, பின்வாங்கினார். வள்ளியம்மா குனிந்து மண்ணைத் தொட்டார்.

ஹாலந்தின் சிவந்த பூக்கள் வரிசை குலையாமல் நின்றன. அவற்றின் நடுவே, தன் இரு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு மோகன்குமார் நின்றான். அவனுடைய இடக்கண்ணின் கீழிமை உள்ளிருந்து மெல்ல உயர்ந்தது. இமைக்கும் விழிக்கும் இடையே, நெல்லுமியின் அளவேயான ஒரு வெண்ணிற நகம் வெளியே வந்து, வெயிலைத் தடவிப் பார்த்தது.