உள்ளறையில் இருப்பவள்

முந்நூறு பேர் சிரித்த இடத்தில் அந்த ஏழு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

மேடையின் இடது ஓரத்தில், தலைக்கு மேலிருந்து விழும் ஒற்றை விளக்கின் வட்டத்துக்குள் கறுப்புச் சட்டையில் நின்று, நடிகர்கள் பேசும் ஒவ்வொரு வரியையும் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. காது கேளாதவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசை அவளுக்கு நேர் எதிரே இருந்தது. மற்றவர்கள் சிரித்து இரண்டு நொடி கழித்து அந்த வரிசை சிரிக்கும். கைகள் சொல்லி முடிக்க அவ்வளவு நேரமாகும். அந்தத் தாமதச் சிரிப்பு அவளுக்கு எப்போதும் தனிச் சந்தோஷம். இன்று அது வரவே இல்லை. ஏழு பேரும் நாற்காலியில் சற்றுப் பின்வாங்கி, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

ஏழு பேரில் நடுவில் இருந்தவள் அவளுடைய தங்கை.

பிறந்ததிலிருந்தே தங்கைக்குக் காது கேட்காது. பரிசோதனைக் கூடத்தில் வேலை, கை நிறையச் சம்பளம், வாய் நிறையக் கிண்டல். அந்த வாய் விரல்களில் இருந்தது, அவ்வளவுதான். நாடகத்துக்கு வாடி என்று அக்கா வருஷக்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். "நாலு பேர் வாயசைக்கிறதைப் பார்க்கறதுக்கு டிக்கெட் வேறயா? அதான் வீட்டுல இலவசமா நடக்குதே" என்று தட்டிக் கழிப்பாள். அதில் உண்மையும் உண்டு. சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்து பேசிக்கொண்டிருந்தால் தங்கை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, என்ன சொல்றாங்க, என்ன சொல்றாங்க என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பாள் அம்மா. அந்த அப்புறம் வந்ததே கிடையாது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்கா இந்தத் தொழிலுக்கே வந்தாள். காதில் விழுவது எதுவானாலும் தங்கைக்குச் சொல்லிவிட வேண்டும், ஒரு சொல்லைக்கூட ஒளிக்கக் கூடாது என்று.

நாடகத்தில் இரண்டே பாத்திரங்கள். ஒரு கணவனும் மனைவியும் பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள். பெட்டி கட்டிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். மனைவி பேசினால் இவள் வலப்பக்கம் லேசாகத் திரும்பிச் சொல்வாள், கணவன் பேசினால் இடப்பக்கம். யார் பேசுவது என்று பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாலும் தெளிவாகக் கேட்பதற்காக ஒரு காதில் இயர்போன் மாட்டியிருந்தாள்.

மேடையில் மூடிக் கிடந்த கதவுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து வந்த பெண்குரலும் அதில்தான் கேட்டது.

ஒத்திகையில் அந்தக் குரல் கிடையாது. ஆனால் இயக்குநர், திரை தூக்குகிற நேரத்தில்கூட வரியை மாற்றுகிற ஆள். இவளிடம் சொல்ல மறந்திருப்பார். மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே அதையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். மெல்லிய குரல். நெடுநாள் பேசாமல் இருந்து பேசத் தொடங்கியவளின் குரல்போல ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஈரமாக ஒரு மூச்சு.

"எல்லாத்தையும் கட்டியாச்சா?" என்று கணவன் கேட்டான்.

"உங்கம்மா படத்தைத் தவிர எல்லாம் கட்டியாச்சு" என்றாள் மனைவி. அதற்குத்தான் அரங்கம் சிரித்தது.

"என்னை இன்னும் கட்டலையே" என்றது உள்ளறை.

மூன்றையும் அவள் சொன்னாள்.

இடைவேளையில் விளக்குகள் எரிந்ததும் படியிறங்கித் தங்கையிடம் போனாள். தங்கையின் விரல்கள் படபடத்தன.

"உள்ள இருக்கிறது யாரு? எப்ப வெளிய வருவா?"

"பயந்துட்டியா?"

"பயம் இல்ல. நீ பண்றதுதான் பயமா இருக்கு. உள்ள இருக்கிறவ பேசுறப்போ நீ பக்கவாட்டுல திரும்பறதில்ல. பின்னாடி சாயற. யாரோ தோளைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஓய்வுபெற்ற அச்சகக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். "முகமும் உன் முகமா இல்லம்மா" என்று கையால் சொன்னார். "அருமையான நடிப்பு. ஆனா அந்த ரெண்டு பேருக்கும் அவ பேசுறது கேட்கவே இல்லையே, அது ஏன்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று கை காட்டினாள். அரங்கின் பின்கோடியில், பொத்தான்கள் நிறைந்த மேசையின் முன்னால் சமோசா தின்றுகொண்டிருந்த சவுண்டுக்காரரிடம் போனாள்.

"அண்ணே, அந்த உள்ரூம் குரல் ரெக்கார்டிங்கா, இல்ல யாராவது உள்ள நின்னு பேசுறாங்களா?"

"எந்தக் குரல்?"

"மூணாவது குரல். பொம்பளைக் குரல்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "மைக்கே ரெண்டுதாம்மா. அவருக்கு ஒண்ணு, அந்தம்மாவுக்கு ஒண்ணு. அந்தக் கதவுக்குப் பின்னாடி ரூமே கிடையாது, வெறும் சுவரு." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேற எங்கயாவது ரேடியோ இழுக்குதோ என்னமோ. இயர்போனைக் கழட்டிடு, சரியாப் போயிடும்" என்றார்.

ரேடியோ. கட்டலையே என்று பதில் சொல்கிற ரேடியோ. மணி அடித்துவிட்டது. கிளம்பிவிடலாம்; ஆனால் மாற்றுக்கு வேறு ஆள் இல்லை. ஏழு பேரையும் பாதிக் கதையில் செவிடாக்கி வைத்துவிட்டு எப்படிப் போவது? இயர்போனைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். கடந்து போகையில் தங்கை கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்ன சொன்னாங்க? யாராம் அது?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் தன் கைகள் என்ன சொல்லின என்று அவளுக்கு உறைத்தது. தங்கையின் முகம் அணைந்தது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

இரண்டாம் பாதி. அரங்கத்தின் இருட்டு முன்னைவிட நெருங்கி நின்றது. விளக்கின் சூட்டில் தூசி கருகும் வாசனை, புதுச் சாயத்தின் நெடி, அவற்றுக்கடியில் ஈரத் துணியை நாள்கணக்கில் மூடி வைத்ததுபோல் இன்னொரு வாடை. கணவன் பேசினான், மனைவி பேசினாள், இவள் இடமும் வலமும் திரும்பித் திரும்பிச் சொன்னாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஒன்றுமில்லை. ரேடியோதான் என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு அடங்கிய பிறகும் காதருகே மூச்சுச் சத்தம் கேட்டது.

"ஏன் கழட்டிட்ட?"

கைகள் தாமாகவே எழுந்தன. பாதியில் இழுத்து நிறுத்தினாள்.

"சொல்லு. அவங்களுக்குச் சொல்லு."

சொல்லவில்லை. மனைவியின் வரியைச் சொன்னாள். ஒரு சைகை தப்பியது. இருட்டில் ஏழு வெளிறிய முகங்கள்.

"நாப்பது வருஷமாப் பேசறேன். இந்த ஊர்ல யாருக்கும் கேட்கல. கேட்காதவங்களுக்குத்தான் புரிஞ்சுது. பாரு, எப்படிப் பார்க்கறாங்க. எல்லாரையும் உள்ள கூப்பிடு. முதல்ல அந்த நடு நாற்காலி."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டாள். நடிகர்கள் பேசிக்கொண்டே போனார்கள். பேசட்டும். ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. நாளைக்கு வேலை போனால் போகட்டும்.

வரிசையில் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். மடியிலிருந்து அவள் கை மெல்ல உயர்ந்தது. என்ன சொல்றாங்க?

அக்கா தலையை அசைத்தாள். இல்லை. ஒன்றுமில்லை.

என்ன சொல்றாங்க?

"நீ சொல்லலேன்னா போ. நானே சொல்லிக்கறேன்."

முதுகுக்குப் பின்னால் கோத்திருந்த கைகளின் மேல் துணி உரசியது. ஈரத் துணி. பிறகு துணிக்குள் இருந்த ஏதோ ஒன்று. அது முழு நீளத்துக்கும் அவள் முதுகோடு வந்து ஒட்டியது. கைகளை விடுவிக்கப் பார்த்தாள். நடுவில் நசுங்கிக் கிடந்தன. வரவில்லை.

அவள் அக்குள்களின் கீழாக இரண்டு கைகள் முன்னால் வந்தன.

கறுப்புச் சட்டைக் கைகள். அவளுடையதுபோலவே. விளக்கின் வட்டத்துக்குள், நெஞ்சுக்கு நேராக, அவள் கைகள் நிற்க வேண்டிய அதே இடத்தில் வந்து நின்றன. விரல்கள் மட்டும் நீளம். நகங்களுக்குள் சுண்ணாம்பு. இருட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எப்படித் தெரியும்?

கைகள் பேசின. அழகாகப் பேசின. இவளுக்கு வராத நளினம்.

தங்கைக்குச் சைகையில் ஒரு பெயர் உண்டு. கன்னத்துக் குழியை விரலால் இரண்டு தரம் தொட்டால் அவள்தான். வீட்டுக்குள் மட்டும் வழங்கிய பெயர். அந்தக் கைகளில் ஒன்று உயர்ந்து, நீண்ட விரலால் அக்காவின் கன்னத்தைத் தொட்டது. சில்லென்று. ஒரு தரம். இன்னொரு தரம்.

பிறகு, வா என்றது. எல்லாத்தையும் சொல்றேன், எதையும் ஒளிக்க மாட்டேன், வா.

தங்கையின் முகம் மலர்ந்தது. எழுந்தாள்.

"வராத! வராதடீ!" என்று அவள் அலறினாள். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடிகர்கள் வரியை மறந்து நின்றார்கள். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கவில்லை. அவள் மரப்படிகளில் ஏறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கின் வட்டத்துக்குள் வந்தாள். அக்காவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தோளுக்குச் சற்று மேலே, பின்னால், எதையோ பார்த்துச் சிரித்தாள்.

தன் கையை நீட்டினாள்.

கறுப்புச் சட்டைக் கைகளில் ஒன்று அதைப் பற்றிக்கொண்டது. மற்றொன்று விளக்கொளியில் நிதானமாக உயர்ந்து, அடுத்த நாற்காலியில் இருந்தவரின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது.