மஞ்சள் இறகுகளின் கட்டில்

குளிர்காலத்தின் கடைசி நாள் காலையில் நிரோஜினி வழக்கம்போல ரொட்டி சுட்டாள். கருஞ்சீரகம் தூவிய பெரிய ரொட்டி. அதை மேசை நடுவில் வைத்து, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் உப்பும் வைத்தாள். புதுவீட்டுக்கு வருகிறவர்களை ரொட்டியும் உப்பும் வைத்து வரவேற்பது ஜெர்மன்காரரின் பழைய வழக்கம். இப்போது பெர்லினில் எந்த வீடும் யாருக்கும் புதிதில்லை. ஒரே வீட்டில் நான்கு குடும்பங்கள், பருவத்துக்கு ஒன்றாக. இன்று மாலை வசந்தக் குடும்பம் வரும். அவர்களை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

மகள் ஆரபி தன் கட்டிலுக்கடியில் தலையை விட்டுக் கிடந்தாள்.

“அங்கை என்ன தேடுறாய்? நேரமாகுது பிள்ளை.”

“இன்னும் ஒண்டு கிடக்குதம்மா.”

தூசியோடு வெளியே வந்தவளின் கையில் ஒரு மஞ்சள் இறகு. அந்தக் கட்டிலில் வசந்தத்தில் படுப்பவள் யாரோ, அவள் மே மாதப் பெந்தெகொஸ்தே விடுமுறையில் தெருவில் நடக்கும் பண்பாட்டுக் கார்னிவலில் தலையில் சூடி ஆடியது. ஒவ்வொரு டிசம்பரிலும் கண்விழித்து வந்ததும் ஆரபி இறகு தேடுவாள். கோட்டுப் பையில் சேர்த்து வைப்பாள்.

“அவை வெறுங்காலோட ரோட்டில ஆடுகினம். எங்களுக்கு என்ன இருக்கு? கிறிஸ்மஸ் சந்தை, புதுவருஷ வெடி, படவிழா. எல்லாம் கோட்டுக்குள்ள.”

“படவிழாவுக்கு டிக்கெட் வேணுமெண்டு அழுதது ஆர்?”

“தியேட்டருக்குள்ள ஹீட்டர் போடுவினம் எண்டுதான்.”

நிரோஜினி சிரித்தாள். ஆரபி சிரிக்கவில்லை. வெயிலில் வெறுங்காலோடு நடந்தால் எப்படி இருக்கும் என்று இந்தக் குளிர்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள், நேற்றிலிருந்து கேட்கவில்லை.

நகரத்தின் உணவும் வெப்பமும் கால்பங்கு மக்களுக்குத்தான் போதும் என்று ஆன பிறகு வந்த ஏற்பாடு இது. கால்பங்கு விழித்திருக்கும். முக்கால்பங்கு ஆற்றின் கிழக்குக் கரை மண்டபங்களில் உறைதுயிலில் கிடக்கும். அங்கே வயது ஏறாது, கனவும் வராது. வருடத்தில் நான்கு முறை பருவமாற்று விழா. பாலம் முழுக்க மேளமும் காகித விளக்குகளும். நடுவில் ஒரு கயிறு. ஒருபக்கம் உறங்கப் போகிறவர்கள், மறுபக்கம் எழுந்து வருகிறவர்கள். கயிற்றுக்கு மேலாகக் கையைத் தொட்டு வாழ்த்தலாம். நிற்கக் கூடாது.

அன்று மாலை பாலத்தின் பாதியில் ஆரபி நின்றுவிட்டாள். நிரோஜினியின் கை வெறுமையானது. அவளைத் தேடித் திரும்பிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். விளக்குக் கம்பம் ஒன்றின் அடியில் கயிற்றைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள்.

“நான் வரேல்லையம்மா.”

“விசர்க்கதை கதைக்காதை.”

“மாலை மணி அடிச்சு ஓயிற வரைக்கும் வெளியில நிண்டால் வசந்தத்தில சேர்த்துப்போடுவினம். ஒருத்தரும் பிடிச்சு இழுக்க மாட்டினம்.”

“இழுக்க மாட்டினம்தான். நீ படுத்தால்தானே உன்ரை கட்டில்காரியை எழுப்புவினம்? கட்டிலுக்கு ஒருத்தர். நீ நிண்டால் அவள் கிடப்பாள்.”

“டிசம்பரில எழும்பட்டும். என்ரை இடத்தில இருக்கட்டும்.”

“பிறகு? ஒருக்கா மாறினால் மாறினதுதான். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வருஷத்துக்கு ஒருக்கா இந்தக் கயித்துக்கு மேலால கையைத் தொடுறதோ?”

ஆரபி கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கயிற்றின் மறுபக்கத்தில் ஒரு நடுவயது ஆள் நின்றுகொண்டிருந்தார். காவலர் நகரச் சொல்லியும் நகரவில்லை. கையில் இறகு வைத்த தொப்பி. மஞ்சள் இறகுகள்.

“என் கட்டில் குளிர்காலத்தில் காலி, அதனால் நான் எழுந்துவிட்டேன். என் மனைவியும் மகளும் இன்னும் எழவில்லை,” என்று ஜெர்மனில் காவலரிடம் சொன்னார். “எங்கள் வீட்டுக் குளிர்காலத்தவர்கள் இன்னும் படுக்கவில்லையாம். நல்லவர்கள். ஒவ்வொரு வருடமும் ரொட்டி வைப்பார்கள், கறுப்பு விதை போட்டது. என் மகள் செருப்பைக் கழற்றாமலே வெட்டத் தொடங்கிவிடுவாள்.”

அது நிரோஜினி சுடும் ரொட்டி. ஒரு கணம் அவளுக்கும் அது தோன்றியது: நானும் நின்றால் என்ன? மகளோடு இங்கேயே. ஆனால் நிரோஜினி படுத்தால்தான் அவருடைய மனைவி எழுவாள். அந்த மனிதர் தொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை மணி அடிக்கத் தொடங்கியது.

“பார்த்தியா அவரை?” என்றாள் நிரோஜினி.

ஆரபி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.  பிறகு, “நடவுங்கோ அம்மா,” என்றாள்.

இருவரும் ஓடினார்கள். மண்டப வாசலில் ஒற்றை வரிசை. ஆரபி அம்மாவை முன்னால் விட்டாள். கோட்டைக் கழற்றி நீட்டினாள்.

“இதையும் உங்கடை பெட்டிக்குள்ள வையுங்கோ. எனக்கு வேர்க்குது.”

“பின்னாலயே வா.”

“ஓம். நீங்கள் படுங்கோ. அந்த அம்மா எழும்பட்டும்.”

நிரோஜினி தன் துயிற்பேழைக்கடியில் இருந்த உடுப்புப் பெட்டியில் கோட்டைத் திணித்துவிட்டுப் படுத்தாள். இரண்டு பேழைகளுக்கு அப்பால் ஒரு மூடி உடனே திறந்தது. யாரோ ஒரு பெண் இருமினாள். அதற்கடுத்த மூடி திறக்கவில்லை. கண்ணாடி முழுக்க உறைபனி. இந்தப் பக்கம் ஆரபியின் பேழை திறந்து கிடந்தது. மணி இன்னும் ஓயவில்லை. காலடிச் சத்தம் ஒன்று நெருங்குவதுபோல இருந்தது. எழுந்து பார்க்க நினைத்தாள். அவளுடைய மூடி இறங்கியது.

கண்ணை மூடித் திறந்தாள். டிசம்பர்.

எழுப்பும் பணியாளர் சூடான தண்ணீர் கொடுத்தார். நிரோஜினி அதை வாங்காமல் பக்கத்துப் பேழையைப் பார்த்தாள். வெறுமை. அன்று மூடி திறக்காமல் கிடந்த பேழையில் ஒரு பெண் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும். மெல்லிய உடை. பற்கள் அடித்துக்கொண்டன.

“வசந்தம்தானே?” என்று ஜெர்மனில் கேட்டாள். “ஏன் இப்படிக் குளிர்கிறது? என் அப்பா எங்கே?”

அவள் ஒருநாளும் பனியைப் பார்த்தவள் அல்ல. குளிர்கால உடுப்பு அவளிடம் ஒன்றும் இல்லை. வெளியே பாலத்தில் மேளம் கேட்டது. யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பணியாளர் ஏற்கெனவே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நிரோஜினி தன் பெட்டியைத் திறந்தாள். மகளின் கோட்டை எடுத்து மூக்கோடு ஒருமுறை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பெண்ணின் தோளில் போட்டு, ஒவ்வொரு கையாக நுழைத்து, கழுத்துவரை பொத்தான் பூட்டினாள்.

அந்தப் பெண் விறைத்த விரல்களைப் பைக்குள் விட்டாள். எடுத்தபோது உள்ளங்கை நிறைய மஞ்சள் இறகுகள்.