இடமிருந்து வலமாக ஒரு பொய்

ஹில்மி சோபாவில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தான்.

எதிரே டி.வி.யில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

இதயக் கோளாறு உள்ள அவன் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை. இதயம் தடுமாறினால் பட்டை போனுக்குச் சொல்லும். போனில் இருக்கும் ஆப், ஆம்புலன்ஸைக் கூப்பிடும்.

ஆம்புலன்ஸ் வரவில்லை.

அந்த ஆப்பில் அபாய அழைப்பை எழுதியவள் இனாஸ். ஹில்மியின் மனைவி.

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போன ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பக்கத்து ஃபிளாட்டுக்காரி கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றிக் கையில் கொடுத்திருந்தாள். தம்ளரின் சூடு விரலுக்கு எட்டவில்லை.

அழுகை வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விதான் வந்து நின்றது.

நான் எழுதியது இவனைக் கொன்றுவிட்டதா...?

"நிலைச்சிருக்கிறவன் ஆண்டவன் ஒருத்தன்தாம்மா," என்றார் போலீஸ் மேஜர் நபீஹ், வாசலில் நின்றபடி. "கேக்கற நேரமில்ல. ஆனா கேட்டாகணும்."

"கேளுங்க பாஷா," என்றாள். கெய்ரோவில் போலீஸ் அதிகாரியை மரியாதையாகக் கூப்பிடும் சொல் அது.

"அந்த அலாரம் உங்க கைவேலையா?"

"ஆமா."

"புருஷனோட சண்டை, கிண்டை?"

"நேத்து. வெண்டைக்காய் பாமியாவுல உப்பு ஜாஸ்தின்னான்."

"அதுக்கெல்லாம் கொன்னா கெய்ரோவுல ஆம்பளையே மிஞ்ச மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

தஸூக்கி வந்தான். ஆப் கம்பெனியின் முதலாளி. பாதி முதலாளி. மறுபாதி சோபாவில் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோட்டுக்குள்ளிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான்.

"பாஷா... இனாஸ் எனக்குத் தங்கச்சி மாதிரி. ஆனா இதை மறைச்சா எனக்குத் தூக்கம் வராது."

மேஜர் பிரித்தார். வண்ணப் படம். செங்கல் அடுக்கினதுபோல் சிவப்பும் ஆரஞ்சுமாகக் கட்டைகள். அவை மேலே மேலே ஏறி, கோபுரங்களாக நின்றன.

"என்னய்யா இது, கபாப் கடை அடுப்பு மாதிரி?"

"பேரே ஃப்ளேம் கிராஃப்தான் பாஷா. எங்க கம்பெனி ஆளுங்க போன்ல எப்பவும் ஒரு ரெக்கார்டர் ஓடும். ஆப் இப்ப என்ன வேலை பாக்குதுன்னு நொடிக்கு நூறு தடவை எட்டிப் பாக்கும். அதைப் படமாப் போட்டா இதான். இது சர்வருக்கு வந்த நகல்."

"எப்படிப் படிக்கறது? நம்ம அரபி எழுத்து மாதிரி வலமிருந்தா?"

"இல்ல, இடமிருந்து. முதல்ல 'ஹார்ட்'. இதயம் நின்னது தெரிஞ்சுபோச்சு. அடுத்தது 'ரெஸ்க்யூ'. இனாஸ் எழுதினது. எவ்ளோ அகலம் பாருங்க. அகலம்னா நேரம். அங்கேயே முட்டிக்கிட்டு நின்னிருக்கு. கடைசியா வலது ஓரத்துல குச்சி மாதிரி 'ஆம்புலன்ஸ்'. அதுக்குள்ள ஹில்மி..."

மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேஜர் இனாஸைப் பார்த்தார். "இன்ஜினீயரம்மா?"

"கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

எழுந்தாள். தம்ளரை மேடையில் வைத்தாள். மேஜரின் கையிலிருந்த படம் கண்ணில் பட்டது. வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பழகிய கண். பழக்கத்தில் பார்த்தது.

நின்றாள்.

"இதை யார் வரைஞ்சா?"

"வரையறதா? மெஷின் போட்டது," என்றான் தஸூக்கி.

"பாஷா, இந்தப் படத்தை இடமிருந்தும் படிக்க முடியாது, வலமிருந்தும் படிக்க முடியாது. எது முன்னாடி, எது பின்னாடின்னு இதுல கிடையவே கிடையாது. ஒரே வேலையை எத்தனை தடவை பாத்துச்சோ அத்தனையையும் கூட்டி ஒரே கட்டையா ஆக்கிடும். பக்கத்துப் பக்கத்துல நிக்கறது இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி."

"அதனால?"

"ஆம்புலன்ஸுக்கு முதல் எழுத்து 'ஏ'. இப்படிப் பக்கத்துல நின்னா எங்க நிக்கணும்?"

மேஜர் படத்தைப் பார்த்தார். "இடது கோடியில..."

"வலது கோடியில நிக்குது. எங்க மெஷினுக்குக் கதை சொல்லத் தெரியாது பாஷா. இந்தப் படம் கதை சொல்லுது."

தஸூக்கி சிரித்தான். "துக்கத்துல உளறுறா. பாவம்."

"நீ மீட்டிங்ல படத்தைக் காட்டி வித்தவன். ஒரு நாளாவது உக்காந்து படிச்சிருக்கியா?" என்றாள் இனாஸ், கோபமே இல்லாமல். "சர்வருக்குப் போறது நகல். அசல் போன்லயே இருக்கும். அதுவும் உனக்குத் தெரியாது."

தஸூக்கியின் சிரிப்பு பாதியில் நின்றது.

மேஜர் உறையிலிருந்து ஹில்மியின் போனை எடுத்துக் கொடுத்தார். இனாஸ் அதைத் தன் லேப்டாப்பில் சொருகினாள். திரையில் கோபுரங்கள் எழுந்தன. சோபா பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"இதான் என் 'ரெஸ்க்யூ'."

"எங்க?"

"இந்த ஊசி."

"இவ்ளோ ஒல்லியாவா?"

"கண் சிமிட்டற நேரத்துல முடிச்சிருக்கு. ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிட்டா, வந்தது கூப்பிட்டதோட தலைமேல ஏறி உக்காரும். என்னது தலைமேல 'ஆம்புலன்ஸ்' இருக்கணும்."

"என்ன இருக்கு?"

"'டெஸ்ட்'. நாங்க சோதனை பண்றப்ப நிஜ ஆம்புலன்ஸைத் தொந்தரவு பண்ண மாட்டோம். வேற நம்பர் கொடுத்திருப்போம். யாரோ ஆபீஸ்லேர்ந்து ஹில்மி போனை மட்டும் சோதனைக்கு மாத்தி விட்டிருக்காங்க."

"யாருக்கு அதுல லாபம்?"

"கம்பெனியை விக்க ஹில்மி கையெழுத்துப் போட மாட்டேன்னான். அவன் போனா பங்கு எனக்கும் அவன் அண்ணனுக்கும். கொன்னது நான்னு ஆயிட்டா, சட்டப்படி எனக்குப் பங்கு கிடையாது. அப்ப அண்ணன் மட்டும்தான். அண்ணன் விக்கத் தயார்."

"பாஷா, இவ பேச்சை..." என்று ஆரம்பித்தான் தஸூக்கி.

"இருய்யா." மேஜர் குனிந்தார். "அந்த டெஸ்ட் நம்பர் யாருது?"

"முன்னாடி அது ஆபீஸ் மேசைமேல கிடந்த ஒரு பழைய போன். இப்ப எதுன்னு தெரியல. ஹில்மி போன்ல, ஆப்புக்குள்ள இருக்கற சிவப்பு அபாயப் பட்டனை அழுத்திப் பாருங்க."

மேஜர் அழுத்தினார்.

ஒரு விநாடி... டி.வி.யில் கூட்டம் கத்தியது.

பிறகு, தஸூக்கியின் கோட்டுக்குள் ஏதோ ஒன்று அடிக்க ஆரம்பித்தது.

அவன் அசையவில்லை. அது அடித்தது. விடாமல் அடித்தது.

இனாஸ் சோபாவைப் பார்த்தாள். முதல் தடவையாக, முழுசாக.

"என்னோடது வேலை செஞ்சிருக்கு, ஹில்மி," என்றாள் மெதுவாக.

பிறகு தஸூக்கியிடம் திரும்பினாள். "மத்தியானமும் இப்படித்தானே அடிச்சிருக்கும்? அடிச்சு ஓயற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தியா?"

போன் மட்டும் அடித்தது.

மேஜர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். அவன் தோளில் கை வைத்தார்.

"எடுங்க சார்," என்றார். "ஆம்புலன்ஸுக்கு வந்த கால். ரெண்டாவது தடவையும் எடுக்கலேன்னா நல்லா இருக்காது."