பாட்டில்லாத டிஸ்கோ

இத்தாலிய மூதாட்டி சிஞ்ஞோரா லவீனியாவின் வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. கையில் வளைந்த மட்டையும் காலில் கத்தி பூட்டிய சப்பாத்துமாக, சில பெண்கள் பனிக்கட்டித் தரையில் நின்று சிரிக்கிறார்கள். நடுவில் நிற்பவளின் கால்களில் தடித்த சஞ்சிகைகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள்.

பத்து வயது ஜெனுஷா அந்தப் படத்தைப் பார்த்தால் போதும், கேள்விகள் முண்டியடித்துக்கொண்டு வரும். அவளுக்குத் தெரிந்த பலெர்மோ நகரில் ஐஸ் என்றால் கிண்ணத்தில் வைத்துக் கரண்டியோடு தரும் கிரானித்தாதான். அதன் மேல் ஏறி நிற்க முடியுமா? வாசிக்க வேண்டிய சஞ்சிகை காலில் ஏன்?

"அது பழைய கதை, பிறகு சொல்கிறேன்" என்று சிஞ்ஞோரா ஒவ்வொரு தடவையும் நழுவிவிடுவார். அந்தப் 'பிறகு' மட்டும் வந்தபாடில்லை.

ஜெனுஷாவின் அம்மா துஷாந்தி அந்த வீட்டில் வேலை செய்கிறார். பள்ளி இல்லாத சனிக்கிழமைகளில் ஜெனுஷாவும் கூடப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்த அம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. சிஞ்ஞோரா இளம் வயதில் வடக்கு இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தாராம். அங்கே பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றைச் சொல்ல இப்போது ஓர் அறை திறக்கிறார்கள். அதில் வைக்க சிஞ்ஞோராவின் 'டிஸ்கோ' வேண்டுமாம். அதை வாங்கிப் போக நாளை ஒரு மாணவி வருகிறாள். வீட்டில் டிஸ்கோவைத்தான் காணவில்லை.

"டிஸ்கோ எண்டால் பாட்டுத் தட்டு" என்றார் அம்மா. "கறுப்பு, வட்டம் எண்டு சிஞ்ஞோரா சொன்னவ. போன மாதம் ஒரு பெட்டி பாட்டுத் தட்டைப் பழைய சாமான்காரனிட்டைக் குடுக்கச் சொன்னவ. நானும் குடுத்திட்டன். அதோடைதான் போயிருக்கும், பிள்ளை."

சிஞ்ஞோரா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் அம்மாவுக்கு இன்னும் வலித்தது. வீட்டுக் கதவின் திறப்பையே நம்பி அம்மாவின் கையில் கொடுத்து வைத்திருப்பவர் அவர். அந்த நம்பிக்கை போய்விடுமோ என்று அம்மா பயந்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அல்பெர்கேரியாப் பகுதியில் பழைய சாமான் விற்கும் சந்துக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், பெட்டியை அப்படியே கவிழ்த்துக் காட்டினார். தட்டுகளின் அட்டைகளில் கிட்டார் பிடித்தவர்களும் சுருட்டைமுடிப் பாடகர்களும் இருந்தார்கள். ஹாக்கி மட்டையோடு ஒருவர்கூட இல்லை.

"என்ன பாட்டு என்று தெரியாமல் எப்படி அம்மா தேடுவது?" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

நியாயமான கேள்விதான் என்று ஜெனுஷாவுக்குப் பட்டது. இப்படி ஒரு கேள்வி தன் வாயில் முதலில் வராமல் போனதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சிஞ்ஞோராவின் வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனபோது அவர் எல்லா இழுப்பறைகளையும் தரையில் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தார். அம்மா உடுப்புகளைச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

ஜெனுஷா சிஞ்ஞோராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அந்த டிஸ்கோவில் என்ன பாட்டு இருக்கிறது, சிஞ்ஞோரா?"

சிஞ்ஞோரா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டுத்தான் பேசினார்.

"பாட்டா? அது ரப்பர், குழந்தை. ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. உள்ளங்கை அளவு, தடித்த கறுப்பு வட்டம் ஒன்றைத்தான் மட்டையால் அடிப்போம். இத்தாலிய மொழியில் அதற்கும் டிஸ்கோ என்றுதான் பெயர்."

ஜெனுஷா சமையலறைக்கு ஓடி, சேதியை அம்மாவிடம் தமிழில் கொட்டினாள். அம்மாவின் முகம் முதலில் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"ஐயோ, அதையோ?" என்று அம்மா குரலைத் தாழ்த்தினார். "மேசை லாச்சிக்குள்ளை கயிறு, தக்கையளோடை கிடந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசின் ஒரே துள்ளலெல்லே. அதை எடுத்து மெசின் காலுக்குக் கீழை வைச்சனான். நீ ஒண்டும் கதைக்காதை. ஆரும் காணாமல் எடுத்து வைப்பம்."

எடுப்பது எப்படி? இயந்திரமோ யானைக் கனம். போதாததற்கு உடுப்பும் தண்ணீருமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாசல் மணியும் அடித்தது.

வந்த மாணவியின் பெயர் தேவிஷா. பலெர்மோவின் பிரான்காச்சோப் பகுதியில் வளர்ந்தவள், இப்போது வடக்கே படித்துக்கொண்டு அதே அணியில் ஆடுகிறாள். அவளுடைய பெற்றோர் மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த தமிழ் வம்சத்தினர். தமிழில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு 'வணக்கம்', அதை அம்மாவுக்குச் சொல்லிவிட்டு இத்தாலிய மொழிக்கு மாறிக்கொண்டாள். நம்மைப் போன்ற ஒருத்தி ஐஸ் மேல் சறுக்குகிறாளா என்று ஜெனுஷா அவளுடைய கால்களையே பார்த்தாள்.

கடைசியில் அந்தப் 'பிறகு' வந்தது. சிஞ்ஞோரா படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதையைச் சொன்னார். ஆண்கள் ஆடி முடித்து, ஐஸ் முழுக்கக் கீறலான பிறகுதான் பெண்களுக்கு இடம் கிடைக்குமாம். காலுக்குக் கவசம் இல்லாததால் சஞ்சிகைகளைக் கட்டிக்கொண்டார்களாம். நடுவில் நிற்கும் அந்தக் கோல் கீப்பர் சிஞ்ஞோராதான்! ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார்கள். ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும், ஒன்றுக்குச் சைபர் என்று வென்றார்கள். கடைசி அடியைச் சிஞ்ஞோரா மேலே விழுந்து அமுக்கிவிட்டார். அந்த டிஸ்கோவை நடுவரிடம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"எங்கள் அணியைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இந்தப் படமும் அந்த டிஸ்கோவும்தான் மிச்சம்" என்றார். "அதையும் நானே தொலைத்துவிட்டேன். வெறுங்கையோடு உன்னை அனுப்புகிறேனே, பெண்ணே."

அவர் குரல் உடைந்தது. அம்மா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

உண்மையைப் போட்டு உடைத்தால் அம்மாவின் தலை குனியும். வாயை மூடிக்கொண்டால் சிஞ்ஞோரா அழுவார். ஜெனுஷா அம்மாவின் ஈரக் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அவ தானே துலைச்சனெண்டு நினைச்சு அழுறா."

அம்மா எட்டிப் பார்த்தார். தண்ணீர்க் குழாயை மூடினார். நேரே கூடத்துக்குப் போய், நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நான். டிஸ்கோ. இயந்திரம். கீழே. மன்னியுங்கள்.

சிஞ்ஞோரா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"கோல் கீப்பரின் வேலை என்ன, சிஞ்ஞோரா?" என்று கேட்டாள் ஜெனுஷா.

"பாய்ந்து வருவதை நிறுத்துவது."

"உங்கள் டிஸ்கோவும் அந்த வேலையைத்தான் இத்தனை நாளும் செய்திருக்கிறது."

சிஞ்ஞோராவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்த முறை அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயதானதால்தான் இயந்திரம் துள்ளுவதை விட்டுவிட்டது என்று அவர் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாராம்.

இயந்திரத்தை நிறுத்தினார்கள். தேவிஷா முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்து ஒரு மூலையைத் தூக்கினாள். ஜெனுஷா கூட்டுகிற தும்புத்தடியால் தட்டிவிட, டிஸ்கோ தரையில் வழுக்கிக்கொண்டு நேரே சிஞ்ஞோராவின் காலடிக்குப் போனது. அவர் சட்டென்று பாதத்தைத் திருப்பி அதைத் தடுத்தார். பழைய பழக்கம் போகுமா?

துடைத்துப் பார்த்தால், நடுவில் இயந்திரத்தின் கால் பதிந்து வட்டமாக ஒரு பள்ளம். அம்மாவின் முகம் மறுபடியும் சுருங்கியது. "இருக்கட்டும், அதுவும் வரலாறுதான்" என்றார் சிஞ்ஞோரா.

இயந்திரத்தை மறுபடியும் போட்டார்கள். டிஸ்கோ போய்விட்ட துணிச்சலில் அது தடதடவென்று ஆடிக்கொண்டு கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கியது. நிறுத்தி, திரும்பவும் தூக்கி, ஜெனுஷாவின் ரப்பர் செருப்பை அந்தக் காலுக்குக் கீழே கொடுத்த பிறகுதான் அடங்கியது. அன்று அவள் சிஞ்ஞோராவின் பெரிய செருப்புகளைப் போட்டுக்கொண்டு, பட்பட்டென்ற சத்தத்தோடு வீட்டுக்கு நடந்தாள்.

சில வாரங்கள் கழித்து அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் டிஸ்கோ, பக்கத்தில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் பிரதி. வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளம் எந்த ஆட்டத்தில் வந்தது என்று கேட்கிறார்களாம். பலெர்மோவில் ஒரு சலவை இயந்திரத்தோடு நடந்த ஆட்டத்தில் என்று தான் சொல்வதாகத் தேவிஷா எழுதியிருந்தாள்.

ஜெனுஷா வாசித்துக் காட்டினாள். "அந்த ஆட்டத்திலை வெண்டது ஆரெண்டு சொல்றாவாம்?" என்று அம்மா கேட்டார். ஜெனுஷா அதையே எழுதி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. ஒரே ஒரு சொல்: துஷாந்தி.

அதை அப்பாவுக்கும் மாடிப்படியில் கண்டவர்களுக்கும் அம்மா காட்டி முடிக்கும்வரை, அன்று அவர்கள் வீட்டில் அடுப்பில் எதுவும் வேகவில்லை.